எதிரெதிரே இரண்டு போதிசத்துவர்கள்: அந்தக் கண்காட்சி எதைச் சொல்லாமல் விட்டது?

நெடுவழி

வெகுநாளாக எழுத நினைத்தது. 2016 ஜூன் கடைசியில் டோக்கியோ உவேனோவில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். மழைக்காலம். குடையை வாசலில் பூட்டி வைத்துவிட்டு உள்ளே போனால் ஒரே அறை, இரண்டே சிலைகள். இரண்டும் போதிசத்துவர்கள், அதாவது புத்தராகும் வழியில் இருப்பவர்கள்.

ஒன்று கொரியாவிலிருந்து வந்தது. 6ஆம் நூற்றாண்டு, வெண்கலத்தில் வார்த்துப் பொன் பூசியது. 80 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் உயரம். 78ஆம் எண் தேசியச் செல்வம் என்று அங்கே சொல்வார்கள். தலையில் பிறையும் சூரிய வட்டமும் வைத்த உயரமான மகுடம். மற்றது நாராவுக்கு அருகே ஹோர்யு-ஜி கோயிலை ஒட்டியிருக்கும் சூகு-ஜி என்ற பிக்குணி மடத்துக்குச் சொந்தம். 7ஆம் நூற்றாண்டு, கற்பூர மரம். அந்தக் காலத்தில் வண்ணம் பூசியிருந்தார்களாம். அது உதிர்ந்து, இப்போது கறுப்பு மட்டும் பளபளக்கிறது. தலையில் இரண்டு உருண்டைக் கொண்டைகள். இரண்டு சிலைகளுக்கும் ஒரே இருப்பு: இடது கால் தொங்குகிறது, வலது பாதம் இடது தொடை மேல், வலது கை விரல்கள் கன்னத்துக்கு அருகே. விரல் கன்னத்தைத் தொடுகிறதா, தொடாமல் நிற்கிறதா என்று பார்க்கவே மூன்று முறை சுற்றி வந்தேன்.

முதலில் சியோலில் மே 24 முதல் ஜூன் 12 வரை, பிறகு டோக்கியோவில் ஜூன் 21 முதல் ஜூலை 10 வரை வைத்திருந்தார்கள். இரு நாடுகளும் மறுபடி தூதரக உறவு கொண்டு 50 ஆண்டு ஆனதையொட்டித் திட்டமிட்ட கண்காட்சி. சூகு-ஜி சிலை ஜப்பானை விட்டு வெளியே போனது அதுதான் முதல் முறை.

உபதேசம் செய்யாத கண்காட்சி என்று எனக்குப் பட்டது. அப்போது என்னோடு வேலை பார்த்த கொரிய நண்பர் வெளியே வந்ததும் ஒரே வார்த்தை சொன்னார்: "தயிர்சாதம்." (அவருக்கு அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.) காரம் போதவில்லை என்கிறார். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

கல்வெட்டான்

உங்கள் நண்பருக்கு என் வணக்கம். அவர் சொன்னது மிகச் சரி.

78ஆம் எண் சிலைக்கும் சூகு-ஜி சிலைக்கும் இருப்பு ஒன்று, முகம் வேறு. உண்மையான இரட்டையர் வேறு இருவர். ஒருவர் கொரியாவின் 83ஆம் எண் சிலை. மற்றவர் கியோட்டோ கோர்யு-ஜி கோயிலில் இருக்கும் மர மைத்ரேயர், அதாவது வருங்காலப் புத்தர். மூன்று மடிப்பு வைத்த தாழ்ந்த மகுடம், வெற்று மார்பு, புருவத்திலிருந்து மூக்குக்கு இறங்கும் கோடு, எல்லாம் அச்சில் வார்த்ததுபோல் ஒன்று. அந்த இருவரை எதிரெதிரே உட்கார வைத்திருந்தால் யாரும் வாயைத் திறந்து விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது, பார்த்தவுடன் புரிந்திருக்கும். அதனால்தான் வைக்கவில்லை என்பது என் எண்ணம்.

இன்னொன்று. அசுகா காலத்து (6, 7ஆம் நூற்றாண்டு) ஜப்பானிய மரச்சிலைகள் ஏறக்குறைய எல்லாமே கற்பூர மரம். கோர்யு-ஜி மைத்ரேயர் மட்டும் செம்பைன். கொரியாவில் எங்கும் வளரும் மரம். ஜப்பானின் பழைய வரலாற்று நூலான நிஹோன் ஷோகியே 623இல் பழைய கொரிய அரசுகளில் ஒன்றான சில்லாவிலிருந்து ஒரு புத்தர் சிலை வந்து ஹதா குலத்தாரின் கோயிலில் வைக்கப்பட்டது என்று எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கோயில்தான் கோர்யு-ஜி. அப்புறம் என்ன, இந்த மாதிரிக் கண்காட்சிகள் சொல்லும் "பண்பாட்டு உறவு"? கொடுத்தவன், வாங்கியவன் என்று எழுதினால் கை வலிக்குமா?

588இல் இன்னொரு கொரிய அரசான பெக்ஜே, கோயில் தச்சர் இருவர், ஓடு செய்பவர் நால்வர், ஓவியர் ஒருவர் என்று ஆளையே அனுப்பியது. அவர்கள் கையால் எழுந்ததுதான் ஜப்பானின் முதல் பெரிய பௌத்தக் கோயிலான அசுகா-தேரா. அதன் கூரை ஓட்டில் இருக்கும் தாமரை பெக்ஜே தாமரை. அதை "உறவு" என்று சொல்வது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

களிமண்

கல்வெட்டான் அண்ணா, கொஞ்சம் மூச்சு வாங்குங்கள். நான் இந்தப் பக்கத்துக்கு வருவது பானைகளுக்காகத்தான், சிலை என் துறையில்லை. ஆனாலும் மரம் என்றால் காது நிமிர்கிறது.

கோர்யு-ஜி மைத்ரேயர் செம்பைன் என்பது சரி. ஆனால் அதே சிலையின் சில பகுதிகள் கற்பூர மரம் என்று பின்னால் தெரியவந்தது. செம்பைன் ஜப்பானிலும் வளர்கிறது. நிஹோன் ஷோகி 623 சிலையோடு நிறுத்தவில்லை. 603இல் இளவரசர் ஷோதொகு ஒரு சிலையை ஹதா நோ கவகட்சுவுக்குக் கொடுத்தார் என்றும் எழுதுகிறது. அந்தக் கோயிலில் இதே இருப்பில் "அழும் மைத்ரேயர்" என்று இன்னொரு சிலையும் இருக்கிறது. எந்தக் குறிப்பு எந்தச் சிலைக்கு என்று அறிஞர்களே இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். நீங்கள் ஒரே வரியில் பஞ்சாயத்தை முடித்துவிட்டீர்கள்.

ஹதா குலத்தார் யார்? கடல் கடந்து வந்து குடியேறியவர்கள். கொரியாவிலிருந்து வந்த குடும்பம், ஜப்பானில் கட்டிய கோயில், இரண்டு ஊர் மரம். இந்தச் சிலைக்கு எந்த நாட்டுக் கடவுச்சீட்டு கொடுப்பீர்கள்?

மரம் ஒரே திசையில் போகவும் இல்லை. பெக்ஜே அரசர் முர்யோங்கின் கல்லறை 1971இல் கொங்ஜுவில் கிடைத்தது. கொள்ளையர் கை படாத கல்லறை. அரசரும் அரசியும் படுத்திருந்த சவப்பெட்டியின் மரம் ஜப்பானில் மட்டும் வளரும் கோயமாகி. தச்சரையும் ஓடு செய்பவரையும் அனுப்பிய அதே பெக்ஜே, தன் அரசரைக் கிடத்த மரத்தை அங்கிருந்து வாங்கியிருக்கிறது. இதையும் பெயர்ப்பலகையில் எழுதலாமா?

கல்வெட்டான்

எழுதலாம், தாராளமாக. மரக்கட்டை வந்தது, மதமும் எழுத்தும் கட்டடக் கலையும் போயின. தராசில் வைத்துப் பாருங்கள்.

"அப்போது கொரியாவும் இல்லை, ஜப்பானும் இல்லை" என்ற பாட்டு அடுத்து வரும் என்று தெரியும். இந்தப் பாட்டைப் பாடுகிறவர் எப்போதும் பொருளைக் கையில் வைத்திருப்பவர்தான். பறிகொடுத்தவர் பாடி நான் கேட்டதில்லை.

சுவடி

ஒரு சிறு திருத்தம், பிறகு ஒரு கேள்வி.

திருத்தம்: 78, 83 என்ற எண்களை 2021இல் கொரியா கைவிட்டுவிட்டது. எண் தரவரிசைபோல் தோன்றுகிறது என்பது காரணம். அதே ஆண்டு நவம்பரில் சியோல் தேசிய அருங்காட்சியகம் இந்த இரண்டையும் ஓர் இருண்ட அறையில் பக்கத்தில் பக்கத்தில் நிரந்தரமாக வைத்தது. இப்போது போகிறவர்கள் எண்ணைச் சொல்லித் தேட வேண்டாம். எல்லோரும் போகும் திசையில் போனால் போதும்.

கேள்வி: 83ஐ அனுப்பவில்லை என்பதற்கு உள்நோக்கம் கற்பிக்கிறீர்கள். அது 2013இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நடந்த சில்லா கண்காட்சிக்குப் போய் வந்தது. அதை அனுப்பலாமா என்று கொரியாவிலேயே பெரிய சச்சரவு. ஆகவே மூன்றே ஆண்டில் மறுபடி கப்பலேற்றத் தயங்கியிருக்கலாம். கோர்யு-ஜி பக்கமும் யோசியுங்கள். 1960இல் ஒரு மாணவர் அந்தச் சிலையிடம் மிக நெருங்கிப்போய் மோதிர விரலை உடைத்துவிட்டார். விரலை ஒட்டவைத்த கோயில் சிலையைக் கடல் கடத்தி அனுப்பும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். எல்லாவற்றுக்கும் பின்னால் சதி தேடினால், காப்பாளரின் பயம் என்ற சாதாரணக் காரணம் கண்ணில் படாது.

கல்வெட்டான்

சரி, சிலையை விடுகிறேன். களிமண் தங்கை பானைக்காரர், பானைக்கே வருகிறேன். அங்கே "உறவு" என்ற சொல் எவ்வளவு அசிங்கமாகத் தெரிகிறது பாருங்கள்.

1592 முதல் 1598 வரை ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷியின் படை கொரியாவைச் சூறையாடியது. வெட்டிய மூக்குகளை உப்பில் போட்டுக் கியோட்டோவுக்கு அனுப்பினார்கள். அவற்றைப் புதைத்த மேடு இன்றும் அங்கே இருக்கிறது, "காதுமேடு" என்று மரியாதையான பெயரில். திரும்பும்போது குயவர்களைக் குடும்பம் குடும்பமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவர் இ சாம்-பியோங். கியூஷுவின் அரிதாவில் இஸுமியமா மலையில் வெண்மண் கண்டுபிடித்து 1616இல் ஜப்பானின் முதல் பீங்கானைச் சுட்டார் என்பது அந்த ஊரின் வரலாறு. பிற்பாடு டச்சுக்காரர்கள் ஐரோப்பாவுக்கு ஏற்றிப்போன "ஜப்பானியப் பீங்கான்" எல்லாம் அந்த மண்ணில் பிறந்தது.

கண்காட்சிப் பலகையில் என்ன எழுதுகிறார்கள்? "கடல் கடந்து வந்த குயவர்கள்." ஏதோ சுற்றுலா வந்தவர்கள் மாதிரி!

நெடுவழி

அரிதாவுக்கு நான் போயிருக்கிறேன். ஊருக்கு மேலே ஒரு கோயில், அதன் தோரண வாயிலே பீங்கான். 1888இல் வைத்தது. வெள்ளைத் தூணில் நீலக் கொடி வரைந்திருக்கிறது. ரயில் பாதை கோயில் படியை அறுத்துக்கொண்டு போகிறது, தண்டவாளத்தைத் தாண்டித்தான் சாமி கும்பிட வேண்டும். இ சாம்-பியோங்கையும் அங்கே தெய்வமாக வைத்திருக்கிறார்கள். மலை உச்சியில் அவருக்கு 1917இல் நட்ட நினைவுத்தூண். ஊரே மறைக்கவில்லை, கல்வெட்டான்.

கல்வெட்டான்

பிடித்து வந்து, பிறகு கும்பிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா? 1917 என்றால் கொரியா அப்போது ஜப்பானின் காலனி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஆண்டில் ஒரு கொரியருக்குத் தூண் நட்டதில் பக்தி எவ்வளவு, "பார், நீயும் நானும் பழைய சொந்தம்" என்ற அரசியல் எவ்வளவு?

பொன்னி_நேசன்

நண்பர்களே, இத்தனை பேசுகிறீர்கள், கொரியாவுக்குப் போய் அரசியான ஹோ ஹ்வாங்-ஓக் நம் பாண்டிய நாட்டு இளவரசி என்று சிலர் சொல்வதை ஒருவரும் எடுக்கவில்லையே? அம்மா, அப்பா என்று கொரிய மொழியில்...

நெறியாளர்

அதற்குத் தனி இழை இருக்கிறது. நான்கு ஆண்டாக ஓடுகிறது, இன்னும் அம்மா அப்பாவைத் தாண்டவில்லை. அங்கே தொடருங்கள். நம் ஊர்க் கோயில் சிலைத் திருட்டுக்கும் வேறு இழை இருக்கிறது. இங்கே கொரியாவும் ஜப்பானும் மட்டும்.

களிமண்

நன்றி நெறியாளரே. இப்போது நான் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கியோட்டோ தைதொகு-ஜி வளாகத்தில் கோஹோ-ஆன் என்றொரு சிறு கோயில். அங்கே கிசயெமோன் என்ற பெயருள்ள தேநீர்க் கிண்ணம் இருக்கிறது. ஒசாகா வணிகர் ஒருவரின் பெயர் அது. ஜப்பானின் தேசியச் செல்வம். செய்தவர் 16ஆம் நூற்றாண்டுக் கொரியக் குயவர் யாரோ ஒருவர், பெயர் கிடையாது. வாய் அகலம் 15 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். பழுத்த லொகாட் பழத்தின் நிறம். வனைந்தபோது விரல் ஏறிய வளையங்கள் வெளிப்புறத்தில் அப்படியே நிற்கின்றன.

நான் படங்களில் மணிக்கணக்கில் பார்ப்பது அதன் அடி வளையத்தை. அங்கே மெருகு வழவழப்பாக ஒட்டவில்லை. சுருங்கித் திரண்டு முத்து முத்தாக நிற்கிறது, திருக்கை மீனின் தோல் மாதிரி. ஈர மண்ணைக் கத்தியால் வேகமாகச் செதுக்கும்போது அடி சொரசொரப்பாகிவிடும். அதன்மேல் தடித்த மெருகு விழுந்து, சூளைச் சூடு சரியாக எட்டாவிட்டால் இப்படி ஆகும். என் பட்டறையில் இப்படி வந்தால் அது பிழை. ஓரமாக எடுத்துவைத்து, துளை போட்டுச் செடி நட்டுவிடுவேன். ஜப்பானியத் தேநீர்க்காரர்கள் அந்தப் பிழைக்கே கைராகி என்று பெயர் வைத்து, அது இல்லாத கிண்ணத்தை மதிக்க மறுத்தார்கள்! மட்சுதைரா ஃபுமாய் என்ற பிரபு இந்தக் கிண்ணத்துக்கு 550 ரியோ பொற்காசு கொடுத்தார். வைத்திருப்பவருக்கு உடம்பில் கட்டி வரும் என்று ஒரு சாபக் கதை வேறு. அவருக்கும் வந்ததாம், கிண்ணத்தை விடவில்லை. அவர் இறந்த பிறகு மனைவிதான் கோயிலுக்குக் கொடுத்தார்.

இது கொரியக் கலையா, ஜப்பானியக் கலையா? செய்தவருக்கு அது நாள் ஒன்றுக்கு எத்தனையோ வனைந்த கிண்ணங்களில் ஒன்று. அதன் அடியைத் திருப்பிப் பார்த்து வியந்தவர்கள் கடலுக்கு அந்தப்புறம் இருந்தார்கள். கல்வெட்டான் அண்ணா "பார்த்ததெல்லாம் ஒரு வேலையா" என்பார். வேலைதான் அண்ணா. சந்தைக்குப் பானை கொண்டுபோகிற எனக்குத் தெரியும்.

சுவடி

அந்தப் "பார்வை" என்பதில்தான் எனக்குச் சங்கடம். கிசயெமோனை 1931இல் கோயிலில் பெட்டிக்குள் பெட்டியாகத் திறந்து பார்த்து, அதைப் பற்றி எழுதிப் பெரிதாக்கியவர் யானகி சோயெட்சு. கொரியக் கைவினையின் நண்பர் என்று பெயரெடுத்தவர். அதில் பொய்யில்லை. காலனி அரசு சியோலின் குவாங்ஹ்வாமுன் வாயிலை இடிக்கப் பார்த்தபோது 1922இல் பகிரங்கமாக எதிர்த்து எழுதினார். 1924இல் கியோங்போக் அரண்மனைக்குள்ளேயே கொரிய மக்கள் கலைக்கு ஓர் அருங்காட்சியகம் திறந்தார்.

ஆனால் கொரியக் கலையின் அழகு "துயரத்தின் அழகு" என்றும் அவரே எழுதினார். கோடு வளைந்தால் சோகம், நிறம் வெள்ளையென்றால் துக்கம். ஒரு நாட்டையே பிடித்து வைத்துக்கொண்டு அதன் பானை அழுகிறது என்று ரசிப்பது என்ன ரசனை? கொரிய விமர்சகர்கள் பிற்பாடு இதை விடாமல் கேட்டார்கள். களிமண் அம்மா சொல்லும் கைராகியில் இந்தச் சிக்கல் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அது வெறும் வியப்பு. யானகியின் காலத்தில் வியப்போடு அதிகாரமும் சேர்ந்துவிட்டது.

அவருடைய நண்பர் அசகாவா தகுமியை நான் வேறு தட்டில் வைப்பேன். காலனி அரசின் வனத்துறை ஊழியர். கொரிய மொழி கற்று, கொரிய உடை உடுத்தி, சாதாரணச் சாப்பாட்டு மேசைகளையும் பானைகளையும் பெயரோடு பதிவு செய்தார். 1931இல் இறந்தபோது அங்கேயே புதைத்தார்கள். சியோலின் மங்-உ-ரி கல்லறையில் இன்றும் இருக்கிறார். "துயரம்" என்று பொதுப்படப் பேசாமல், இந்த மேசைக்கு இந்த வட்டாரத்தில் என்ன பெயர் என்று கேட்டவர்.

கல்வெட்டான்

சுவடி ஐயா முதல் முறையாக என் பக்கம் சாய்ந்திருக்கிறார். நாளைக் குறித்து வைக்கிறேன்.

தென்கரை

நான் 2010இல் சியோலில் இருந்தேன். தேசிய அருங்காட்சியகத்தில் கோர்யோ காலத்துப் (10 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை) பௌத்த ஓவியங்களை ஒன்றுசேர்த்து வைத்த பெரிய கண்காட்சி. உலகத்தில் மிச்சமிருப்பவை ஏறத்தாழ 160 என்பார்கள், பெரும்பாலானவை ஜப்பானியக் கோயில்களிலும் சேகரிப்புகளிலும். டோக்கியோ சென்சோ-ஜியிலிருந்து நீர்நிலவு அவலோகிதேசுவரர் (கருணையின் போதிசத்துவர்) ஓவியம் ஒன்று வந்திருந்தது. நீர்த்துளி வடிவத்தில் பச்சை ஒளிவட்டம், அதற்குள் மேனியைத் திருப்பி நிற்கும் உருவம். மெல்லிய துணி போர்த்தியதை வரைந்திருந்தார்கள், துணிக்கு உள்ளேயும் தெரிகிறது, துணியும் தெரிகிறது. பட்டுக்குப் பின்பக்கமிருந்து வண்ணம் கொடுப்பதால் முன்னே அப்படி மினுங்குமாம். பக்கத்தில் ஒரு பாட்டி கைகூப்பி நின்றார். காவலர் நகரச் சொல்லவில்லை.

சொல்ல வந்தது: அப்படி ஒரு கண்காட்சி மறுபடி நடக்காமல் போனது எதனால்? 2012 அக்டோபரில் கொரியத் திருடர்கள் ஜப்பானின் சுஷிமா தீவுக்குப் போய் இரண்டு சிலைகளைத் தூக்கி வந்தார்கள். ஒன்று 2015இல் திரும்பிப் போனது. மற்றொன்று, கன்னோன்-ஜி கோயிலின் 50 சென்டிமீட்டர் வெண்கல அவலோகிதேசுவரர், நீதிமன்றத்தில் மாட்டிக்கொண்டது. சொசான் நகரத்துப் புசொக்சா கோயில் "அது எங்களுடையது" என்றது. 2017இல் கீழ் நீதிமன்றமும் ஆமாம் என்றது. அன்றிலிருந்து ஜப்பானியக் கோயில்கள் கொரியாவுக்கு எதையும் இரவல் தரப் பயப்பட்டன. யாருக்கு நட்டம்? அந்தப் பாட்டிக்கு.

கல்வெட்டான்

பாதிக் கதையில் நிறுத்தாதீர்கள். அந்தச் சிலைக்குள்ளிருந்து எடுத்த வேண்டுதல் ஏட்டில் என்ன இருந்தது? 1330இல் சொசானின் புசொக்சாவுக்காகச் செய்தது என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்த நூற்றாண்டில் ஜப்பானியக் கடற்கொள்ளையர் அந்தக் கரையை அள்ளிக்கொண்டு போனது ஊரறிந்தது. 2023 பிப்ரவரியில் மேல்முறையீட்டில் தீர்ப்பைப் புரட்டிய நீதிமன்றமே, கொள்ளை போனதற்குச் சான்று இருக்கிறது என்று ஒத்துக்கொண்டது. பிறகு எப்படி ஜப்பானுக்குப் போனது? கன்னோன்-ஜி 20 ஆண்டுக்கு மேல் தடையில்லாமல் வைத்திருந்ததால் 1973லேயே சொத்துரிமை கைமாறிவிட்டது என்ற சட்டப் பிரிவால். அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. எடுத்தது தப்பு, நெடுநாள் வைத்திருந்ததால் சரி! நல்ல நியாயம்.

திருடியவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவர்கள் பக்தியில் போகவில்லை, விற்கப் போனார்கள்.

தென்கரை

கடைசி அத்தியாயத்தை நான் சொல்கிறேன். 2025 ஜனவரியில் சிலையைக் கன்னோன்-ஜி பெற்றுக்கொண்டது. ஆனால் உடனே எடுத்துப் போகவில்லை. புசொக்சா கேட்டதற்காக 100 நாள் அங்கேயே வைத்து வழிபட விட்டது. மே மாதம் சுஷிமாவுக்குத் திரும்பியது. கன்னோன்-ஜி மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை. இதையும் "தயிர்சாதம்" என்பீர்களா?

கல்வெட்டான்

100 நாள் சம்பந்தி மரியாதை. சரி, அது பெரிய மனதுதான். மறுக்கவில்லை.

சுவடி

அப்படியானால் ஒன்று கேட்கிறேன். சியோல் அருங்காட்சியகத்தின் மூன்றாம் மாடிக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே மத்திய ஆசிய அறையில், இப்போது சீனாவில் இருக்கும் துர்ஃபான் பக்கத்துப் பெசெக்லிக் குகையின் சுவரோவியத் துண்டுகள் இருக்கின்றன. அறுத்து எடுத்து வந்தது ஜப்பானின் ஓதானி பிரபு அனுப்பிய குழு. பிறகு அது ஒரு தொழிலதிபர் கைக்கு வந்து, 1916இல் அவர் கொரியாவின் காலனி அரசுக்குக் கொடுத்தார். ஜப்பான் கொரியாவை விட்டுப் போனது, ஓவியம் சியோலில் தங்கிவிட்டது. உங்கள் கணக்குப்படி அது எங்கே போக வேண்டும்?

கல்வெட்டான்

குகைக்கு. நாளைக்கே பெட்டி கட்டட்டும், நான் வழிமறிக்க மாட்டேன். கொரியாவுக்காக வாதாடுவதாக நினைத்துக் கேட்டீர்கள், நான் கணக்குக்காக வாதாடுகிறேன்.

அதே மூச்சில் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தின் ஒகுரா சேகரிப்பையும் பேசுங்கள். காலனிக் காலத்தில் கொரியாவில் மின்சாரத் தொழில் நடத்திய ஒகுரா தகெனோசுகே சேர்த்தது, ஆயிரத்துக்கு மேல். கல்லறைப் பொருள்கள், பொன் மகுடம் உட்பட. 1980களின் தொடக்கத்தில் அருங்காட்சியகத்துக்கு வந்தது. நெடுவழி பார்த்து மகிழ்ந்த அந்தச் சிலை அறையும் இதே வளாகத்தில்தானே?

நெடுவழி

ஆமாம், அதே வளாகம். கிழக்காசியக் கட்டடத்தில் கொரியப் பகுதி மாடியில் இருக்கிறது. நான் அன்றைக்கு அங்கே போகவே இல்லை. இரண்டு சிலைகளைப் பார்த்த மயக்கத்தில் மழையில் இறங்கிவிட்டேன். இப்போது யோசித்தால் உறுத்துகிறது.

சுவடி

போரும் கொள்ளையும் மட்டும் பேசினால் இடையில் 200 ஆண்டு காணாமல் போகிறது. 1607 முதல் 1811 வரை அன்றைய கொரியாவான ஜோசோன் அரசு 12 தூதுக்குழுக்களை ஜப்பானுக்கு அனுப்பியது. 1636 குழுவில் கிம் மியோங்-குக் என்ற ஓவியர் போனார். குடிகாரர், ஒரே வீச்சில் வரைகிறவர். ஊர் ஊராக ஜப்பானியர்கள் இரவு பகலாக வரிசையில் நின்று படம் கேட்டதில் மனிதர் அழுகிற நிலைக்கு வந்துவிட்டார் என்று உடன் போன அதிகாரி நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஏழு ஆண்டு கழித்து அடுத்த குழுவிலும் அவரே போனார். அவருடைய போதிதர்மர் ஓவியம் இப்போது சியோலில் இருக்கிறது. தொப்பியும் தாடியும் பத்துப் பதினைந்து இழுப்பில் முடிந்துவிட்டன. யாரும் கத்தியைக் காட்டி வரையச் சொல்லவில்லை. இதற்கு "உறவு" என்ற சொல் பொருந்துமா, பொருந்தாதா?

கல்வெட்டான்

பொருந்தும். அங்கே எழுதுங்கள். எல்லா இடத்திலும் ஒரே சொல்லைத் தடவாதீர்கள் என்பதுதான் என் சண்டை.

களிமண்

அப்படியென்றால் ஒரு வேலை தருகிறேன், எல்லோருக்கும். சட்சுமாவில், இப்போதைய ககோஷிமாவில், கொரியாவிலிருந்து பிடித்து வரப்பட்ட குயவர்கள் ஆரம்பத்தில் செய்த சில கிண்ணங்களுக்கு ஹிபாகாரி என்று பெயர். "தீ மட்டும்" என்று பொருள். மண் கொரியாவிலிருந்து கொண்டுவந்தது. மெருகும் அப்படியே. வனைந்த கை கொரியக் கை. சூளையில் எரிந்த விறகு மட்டும் ஜப்பான். இதற்குப் பெயர்ப்பலகை எழுதுங்கள் பார்க்கலாம்.

தென்கரை

"கொரிய மரபில் அமைந்த ஜப்பானியக் கிண்ணம், 17ஆம் நூற்றாண்டு."

கல்வெட்டான்

"சிறைப்பட்ட கொரியக் குயவர், தன் ஊர் மண்ணில் வனைந்தது. விறகு: சட்சுமா."

சுவடி

இரண்டிலும் குறை இருக்கிறது. அந்தக் குயவர்கள் குடியிருந்த நாயெஷிரோகவா கிராமத்தில், கொரியப் பெயரையும் உடையையும் மாற்றக் கூடாது என்று பிரபுவே உத்தரவு போட்டிருந்தார். அவருக்கு அவர்கள் கொரியர்களாகவே இருக்க வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மெய்ஜி காலத்தில், காற்று மாறியதும் பலர் பெயரை மாற்றிக்கொண்டார்கள். பாக் என்ற ஒரு குயவர் குடும்பம் தோகோ என்ற பெயரை எடுத்தது. அந்த வீட்டுப் பையன் தோகோ ஷிகெனோரி 1941இல் போர் தொடங்கியபோதும் 1945இல் முடிந்தபோதும் ஜப்பானின் வெளியுறவு அமைச்சர். அதே ஊர் ஷிம் குடும்பம் இன்றும் தலைமுறைக்குத் தலைமுறை ஷிம் சு-குவான் என்ற பெயரிலேயே சூளை நடத்துகிறது. ஒரே ஊர்! கல்வெட்டானின் பலகை ஷிம் வீட்டுக்குப் பொருந்தும், தோகோ வீட்டில் மாட்ட விடுவார்களா?

கல்வெட்டான்

மாட்ட விடமாட்டார்கள். அதையும் சிறிய எழுத்தில் கீழே போட வேண்டியதுதான். இடம் போதாவிட்டால் பலகையைப் பெரிதாக்கட்டும், அருங்காட்சியகத்தில் சுவருக்கா பஞ்சம்?

நெடுவழி

இந்த இழையைத் தொடங்கியவன் என்ற முறையில் ஒன்று: அடுத்த மாதம் வேலையாக ஒசாகா போகிறேன். கீழைநாட்டுப் பீங்கான் அருங்காட்சியகத்துக்கு ஒரு மதியம் ஒதுக்கியிருக்கிறேன். கொரியப் பானைகளுக்கு அதுபோல் ஓர் இடம் இல்லை என்கிறார்கள். எதைப் பார்க்க வேண்டும்?

களிமண்

வெள்ளை நிலாப் பானையை. 45 சென்டிமீட்டர் உயரம் இருக்கும், 18ஆம் நூற்றாண்டு ஜோசோன். இரண்டு பெரிய கிண்ணங்களை வாயோடு வாய் வைத்து ஒட்டிச் செய்வது, அதனால் எந்த நிலாப் பானையும் முழு வட்டமாக இருக்காது. இடுப்பில் ஒட்டிய இடம் லேசாகச் சரிந்திருக்கும், பக்கவாட்டில் குனிந்து பாருங்கள்.

இந்தப் பானைக்கு ஒரு கதை இருக்கிறது. எழுத்தாளர் ஷிகா நாவோயா, நாராவின் தோதாய்-ஜி வளாகத்துக் கன்னோன்-இன் கோயில் துறவிக்குக் கொடுத்தது. 1995இல் ஒரு திருடன் தூக்கிக்கொண்டு ஓடினான். துரத்தியபோது தரையில் அடித்துவிட்டுத் தப்பினான். 300க்கு மேல் சில்லுகள். போலீஸ்காரர்கள் தூளைக்கூட விடாமல் கூட்டி எடுத்தார்களாம். கோயில் அந்தச் சில்லுகளை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது. அவர்கள் உட்கார்ந்து ஒட்டி நிறுத்திவிட்டார்கள். கூர்ந்து பார்க்காவிட்டால் விரிசல் தெரியாது. நீங்கள் கூர்ந்து பாருங்கள்.

கல்வெட்டான்

நெடுவழி, எனக்குப் பானையின் படம் வேண்டாம். பக்கத்தில் இருக்கும் பலகையைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். "கொரியா" என்பதற்கும் "நன்கொடை" என்பதற்கும் நடுவில் எத்தனை வரி இருக்கிறது என்று எண்ண வேண்டும்.

நெடுவழி

படம் எடுக்க விட்டால் இரண்டையும் எடுத்து வருகிறேன். இந்த முறை கொரியப் பகுதியைப் பார்க்காமல் மழையில் இறங்க மாட்டேன்.